வெட்கம் என்னும் தாழ்ப்பாள்

முதுமையில் மனிதர்க்கு எஞ்சும் செல்வங்கள் இரண்டு. ஒன்று, வாழ்நாளெல்லாம் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள். மற்றொன்று, பிறர்மீது கொண்ட நம்பிக்கை. வஞ்சகர் இரண்டாவதைக் கருவியாக்கி முதலாவதைக் கவர்கின்றனர். இவ்வுண்மையை நான் கம்பைநல்லூரில் என் அத்தை வீட்டுத் திண்ணையில்தான் கற்றேன்.

அத்தை கணவரை இழந்தவர். மகன் பெங்களூருக்கு வேலைக்குச் சென்றபின் தனியே வாழ்ந்து வந்தார். தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் இது புதுமையன்று. மழையை நம்பிய நிலம் கைவிட, இளைஞர்கள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் செல்கின்றனர். வீடுகளில் முதியோரே எஞ்சுகின்றனர்.

ஒருநாள் நண்பகலில் இரு இளைஞர்கள் வந்தனர். பாத்திரம் துலக்கும் பொடி விற்பதாகக் கூறிக் குத்துவிளக்கைப் பளபளக்கச் செய்து காட்டினர். வெயிலில் வந்தவர்களென்று அத்தை மோர் கொடுத்தார். பின்னர் அவர்கள் கழுத்துச் சங்கிலியையும் துலக்கித் தருவதாகச் சொல்லி வாங்கி, ஏதோ ஒரு திரவத்தில் அமிழ்த்தி எடுத்து, மஞ்சள்நீர்க் கிண்ணத்தில் இட்டுவிட்டுப் போயினர். சங்கிலி இருந்தது, எடைதான் குறைந்திருந்தது. 5 பவுனில் ஒரு பவுனுக்குமேல் கரைந்து போயிருந்தது. நைட்ரிக் அமிலம் ஒரு பங்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கும் கலந்த இராச திராவகத்தில் பொன் கரையும் என்பது வேதியியல் மாணவர் அறிந்ததே. அவ்வறிவைக் கயவரும் அறிந்திருந்தனர்.

செய்தி கேட்டு ஓடிய நான் ஆறுதல் கூறவில்லை. "முன்பின் தெரியாதவனிடம் கழற்றிக் கொடுப்பார்களா?" என்று ஊரார் முன்னிலையில் கடிந்து கொண்டேன். அத்தை தலைகுனிந்து நின்றார்.

ஈராண்டுகள் சென்றன. வங்கியிலிருந்து பேசுவதாகத் தொலைபேசியில் ஒரு குரல் வந்தது. ஏ.டி.எம். அட்டை முடங்கப் போகிறதென்று அச்சுறுத்தி, கைப்பேசிக்கு வந்த இரகசிய எண்ணைக் கேட்டுப் பெற்றது. கணக்கிலிருந்த சேமிப்பு முழுவதும் மறைந்தது. பன்னிரண்டு நாள்கள் அத்தை எவரிடமும் வாய் திறக்கவில்லை. "உடனே ஏன் சொல்லவில்லை?" என்றேன். "மறுபடியும் திட்டுவியேன்னுதான் கண்ணு" என்றார்.

அச்சொல் என்னைச் சுட்டது. இத்தகைய மோசடியில் முதல் சில மணி நேரத்திற்குள் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தால், பணம் கைமாறுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. அந்த மணித்துளிகளைத் திருடியவன் தொலைபேசிக் கயவன் அல்லன். என் நாவே அன்று அத்தையின் வாய்க்குத் தாழ்ப்பாள் இட்டது.

முதியோரின் உயிரையும் உடைமையையும் காக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டுமென 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் கூறுகிறது. 14567 என்னும் முதியோர் உதவி எண்ணும் உள்ளது. இக்காலத்தில் "டிஜிட்டல் கைது" என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டமும் பெருகியுள்ளது. அப்படியொரு கைது இந்தியச் சட்டத்தில் இல்லவே இல்லை. இவற்றையெல்லாம் முதியோரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர் யார்? படித்த நாமன்றோ?

மாணவ நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது தனித்து வாழும் முதியோரருகே சற்று அமருங்கள். "என் பிள்ளையைக் கேட்டுச் சொல்கிறேன்" என்னும் ஒரு வாக்கியத்தைக் கற்றுக் கொடுங்கள். அதனினும் மேலாக, ஏமாந்தாலும் ஏச மாட்டோம் என்னும் உறுதியைக் கொடுங்கள்.

சென்ற மாதம் எரிவாயு அடுப்பைச் சோதிக்க ஒருவர் வந்தபோது, அத்தை கதவைத் திறக்காமல் என்னை அழைத்தார். விசாரித்ததில் வந்தவர் உண்மையான பணியாளரே. நான் நகைக்கவில்லை. "நல்ல காரியம் செய்தீர்கள் அத்தை, இனியும் இப்படியே கேளுங்கள்" என்றேன். நெடுநாள்களுக்குப் பின் அவர் குரலில் அச்சம் இல்லை.