பிற்பாட்டுக்காரர் ஒடிஷனுக்குப் போனது

ஒடிஷனுக்கு 16 பார் பாட வேண்டும் என்று போட்டிருந்தார்கள். பார் என்றால் என்னவென்று தேடிப் பார்க்கவே எங்களுக்கு ஒரு பின்னேரம் போய்விட்டது. நாலு தட்டு ஒரு பார். அப்படிப் பதினாறு. எங்கட பாட்டில் வைத்துக் கணக்குப் பார்த்தால் ஒரு நிமிசம்கூட வரவில்லை. "விருத்தம் இழுக்கவே இது காணாதே" என்று சிரித்தோம்.

நாங்கள் இரண்டு பேர். அக்கா தங்கச்சி என்றுதான் எல்லாரிடமும் சொல்வோம், உண்மையில் பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள். இப்போது வெள்ளவத்தையில் ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறோம். ஊர் யாழ்ப்பாணம், கடற்கரைப் பக்கம். அம்மப்பா அண்ணாவியார். எங்கட பக்கத்துக் கத்தோலிக்கக் கூத்தில் ஆட்டம் குறைவு, பாட்டுத்தான் எல்லாம். மைக் இல்லாத காலத்துக்கென்று செய்த குரல், தொண்டையைத் திறந்து பாட வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது பிற்பாட்டு. ராசா ஒரு அடி பாடுவார், நாங்கள் மற்றவர்களோடு சேர்ந்து அதே அடியைத் திருப்பிப் பாடுவோம். அந்த இடைவெளிக்குள்தான் ராசா மூச்சு வாங்குவார், அடுத்த அடியை ஞாபகப்படுத்துவார். பதின்மூன்று வயதிலிருந்து அப்படித்தான் பாடினோம். தனியப் பாடச் சொல்லி ஒருத்தரும் கேட்டதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

போடப்போவது ஆங்கில மியூசிக்கல். நாடகத்தின் பேரும் போடுகிற ஆக்களின் பேரும் இங்கே வேண்டாம். இடம் கொழும்பு 7, லயனல் வென்ட் அரங்கு. "உங்களுக்கு ஏன் உந்த வேலை?" என்று கேட்ட சிநேகிதர்களுக்கு எங்களிடம் பெரிய பதில் இருந்தது. 1956இல் சரச்சந்திராவின் 'மனமே' முதலில் ஏறியது அதே வென்ட் மேடையில். அவர் வடிவம் எடுத்தது சிங்கள நாடகமவிலிருந்து. நாடகமவின் வேரைத் தேடிப் போனால் தமிழ்க் கூத்து வந்து நிற்கும். பிறகு பேராதனையில் வித்தியானந்தன் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து 'கர்ணன் போர்' போன்ற கூத்துகளை மேடையேற்றியதற்கும் 'மனமே' ஒரு தூண்டுதல். ஆகவே அந்த மேடை எங்களுக்கு அந்நியமில்லை என்று வாதாடினோம். கதைக்க நல்லாத்தான் இருந்தது. ஒடிஷன் அறைக்குள் இந்த வரலாறு ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

பாட்டு, 'ஓவர் த ரெயின்போ'. 'த விசார்ட் ஒஃப் ஓஸ்' என்ற 1939ஆம் ஆண்டுப் படத்தில் வருவது. எட்டு எட்டுப் பாராக நாலு பாகம், முதல் இரண்டுக்கும் ஒரே மெட்டு. 16 பாருக்கு அளந்து வெட்டினது மாதிரி. முதல் சொல்லே கீழ்ச் சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜத்துக்குத் தாவும். தாவலுக்கு நாங்கள் பயப்படவில்லை, அம்மப்பாவிடம் பேச்சு வாங்கி வாங்கி ஏறின சுருதி. பயந்தது இங்கிலீசுக்கு. வீயும் டபிள்யூவும் எங்கட வாயில் ஒன்றுதான். இரண்டு பேரும் ஒரே பாட்டை எடுத்தது பிழை என்று இப்போது விளங்குகிறது. அப்போது வேறு மாதிரி யோசிக்கவே தெரியவில்லை.

நோட்ஸைக் கொமினிகேசனில் பிரின்ட் எடுத்தோம். காசு மிச்சம் பிடிக்க இரண்டு பக்கமும் அடித்தோம். பியானோ வாசிப்பவருக்கு இரண்டு கையும் வேலை, தாளை ஆர் திருப்புவது? மற்றப் பிள்ளைகள் பக்கங்களை அருகருகே ஒட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பியானோ அன்ரி ஒன்றும் சொல்லாமல் இடக்கையால் திருப்பினா. அந்த நேரம் வலக்கை மட்டும் வாசித்தது.

ஒவ்வொருத்தராகத்தான் உள்ளுக்கு விட்டார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். பேரைக் கேட்டு, இன்னொருதரம் கேட்டு, பிறகு முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

முதல் எட்டுப் பாரும் நன்றாகப் போனது. எட்டு முடிந்ததும் பாட்டு நின்றது. சொல் மறக்கவில்லை, மூச்சும் முட்டவில்லை. அடி முடிந்தது, இனிப் பின்னால் இருக்கிறவை பாடுவினம் என்று உடம்பு தன்பாட்டில் காத்துக்கொண்டு நின்றது. பின்னால் சுவர்தான் இருந்தது. கூத்தில் மத்தளம் பாடுகிறவரைப் பார்த்து வாசிக்கும். இங்கே பியானோ தாளைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது.

வெளியில் வந்து ஒருத்தி சொன்னாள், "எட்டாவதில நிண்டுட்டன்."

மற்றவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நானும்."

அதே இடம். வாசலில் நின்று நாங்கள் சிரித்த சிரிப்புக்கு வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி ஓடிப்போய்ப் பியானோவைப் பிடித்துவிட்டாள். மற்றவள் "சொறி" சொல்லி முதலில் இருந்து தொடங்கியிருக்கிறாள். இவ்வளவுதான் வித்தியாசம்.

வசனம் வாசிக்கத் தந்தார்கள், வாசித்தோம். ஆட்டத்துக்கு எட்டு எட்டாக எண்ணிச் சொன்னார்கள், நாங்கள் அதை மனதுக்குள் இரண்டு தகதிமியாக மாற்றிக்கொண்டு சமாளித்தோம்.

திங்கள் இரவு அடுத்த சுற்றுக்கான பட்டியல் வந்தது. அதில் எங்களில் ஒரு பேர்தான் இருந்தது. எந்தப் பேர் என்று எழுதுவதில்லை என்று பேசி முடிவெடுத்திருக்கிறோம். பேர் வந்தவள் "நான் போகேல்லை" என்றாள். வராதவள் "விசர்க்கதை கதையாதை" என்றாள். அதற்குப் பிறகு அன்று இரவு கதையில்லை. உண்மையைச் சொன்னால், வராதவளுக்கு இவள் நிசமாகவே போகாமல் விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு ஓடியது. வந்தவளுக்கோ, மற்றவள் இன்னொருதரம் "போ" என்று சொல்ல வேணும் போல இருந்தது. இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கின பிறகுதான் இதை ஒருத்திக்கொருத்தி வாய் திறந்து சொன்னோம்.

அடுத்த சுற்றுக்கு இரண்டு பேருமாகத்தான் பஸ் ஏறினோம். ஒருத்தி வெளியில் இருந்தாள். கடைசியில் கிடைத்தது என்செம்பிள். போனில் அம்மப்பா கேட்டார், "என்ன வேசம்?"

"பிற்பாட்டு, அம்மப்பா."

"அதுக்கேன் பிள்ளை ஒடிஷன்?"

ஆனால் இது அந்தப் பிற்பாட்டு இல்லை. ஊரில் எல்லாரும் ஒரே சுரத்தில் நிற்போம். இங்கே நாலு குரல் நாலு வழியால் போகிறது. அவளுக்குத் தந்தது ஆல்டோ. பக்கத்தில் மெட்டைக் கேட்டாலே காது அதற்குப் பின்னால் போய்விடும், இத்தனை வருசத்துப் பழக்கம். தனியப் பழகினால் சரியாக வருகிறது, ஆட்களோடு நின்றால் வழுக்குகிறது. அதனால் ஒத்திகை இல்லாத இரவுகளில் மற்றவள் மெட்டைப் பாடுகிறாள், இவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஆல்டோவில் நிற்கப் பார்க்கிறாள். ஒன்பது மணிக்குப் பிறகு வீட்டுக்கார அன்ரி சுவரில் தட்டுவா.

நேற்று இரண்டு தரம் பிழையில்லாமல் நின்றாள். மூன்றாம் தரம் மெட்டுப் பாடினவள்தான் ஆல்டோவுக்கு வழுக்கிப் போனாள்.