ஊர்ல எந்தத் தெரு?

பிப்ரவரியில் பத்து நாள் விடுப்பு சேர்ந்தாற்போல் கிடைத்தது. பைக், ஒரு டென்ட், சின்ன கேஸ் அடுப்பு, ஐந்து லிட்டர் தண்ணீர் கேன். கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துச் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் நானும் இணையரும் கூட்டம், வழக்கு, களப்பணி எதுவும் இல்லாமல் போன முதல் பயணம். அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்.

"ராத்திரி எங்கடி படுப்பீங்க?"

"கடற்கரையில, டென்ட் போட்டு."

"யாரு எடத்துல?"

சிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் மரக்காணம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்போரம் தங்கினோம். டென்ட்டோடு வரும் முளைகள் மணலில் நிற்காது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. காற்று ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அண்ணன் வந்து, பையில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டிக் குழியில் புதைக்கச் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு டென்ட் அசையவில்லை. இன்னொன்றும் சொன்னார்: மணலில் பாசியும் குப்பையும் கோடு போட்டிருக்கும் இடம் வரை அலை வரும், அதற்கு மேலே படுங்கள். இது ஆமை முட்டையிடும் பருவம், ராத்திரியில் டார்ச்சைக் கடல் பக்கம் அடிக்காதீர்கள். போக நினைக்கும் தோழர்கள் இதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். பகலில் கடலிலிருந்து வரும் காற்று இரவில் கரையிலிருந்து திரும்பும். இது தெரியாமல் முதல் இரவு முழுக்க மணலைத் தின்றோம்.

பிச்சாவரம், தரங்கம்பாடி எல்லாம் போட்டோவுக்கு நல்ல இடங்கள். 1620-இல் டேனியர் கட்டிய கோட்டை முன்னால் நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

நாகப்பட்டினத்தில்தான் என்னால் சுற்றுலாப் பயணியாக இருக்க முடியவில்லை. எம்.ஏ. படிக்கும்போது களஆய்வுக்காக அலைந்த கரை அது. 2004 டிசம்பர் 26 அன்று இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். படகு இழந்தவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. உப்பேறிய வயலில் கூலி இழந்த தலித் மக்கள் பல இடங்களில் அந்தக் கணக்குக்கு வெளியே நின்றார்கள். முகாமில் தண்ணீரும் சோறும் கூடத் தனித்தனி என்று நடந்ததை அப்போதே அறிக்கைகளாக எழுதினார்கள். இதை வகுப்பில் சொல்வது எளிது. அதே மணலில் அடுப்பு பற்றவைத்து உப்புமா கிளறுவது அவ்வளவு எளிதாக இல்லை.

வேதாரண்யம் தாண்டி, ஊர் பேர் வேண்டாம், இருட்டும் நேரத்தில் ஒரு தென்னந்தோப்பில் நிறுத்தினோம். கேனில் சொட்டுத் தண்ணீர் இல்லை. 2018 கஜா புயலில் விழுந்த மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் கிடந்தன. இடையிடையே புதுக் கன்றுகள். தோப்புக்காரப் பெரியவர் டார்ச்சோடு வந்தார். கோபமாக இல்லை, அன்பாகத்தான் கேட்டார்.

"தம்பி எந்த ஊரு? என்ன ஆளுக?"

இணையர் தன் ஊரைச் சொன்னார். சாதியையும் சொன்னார்.

பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. மோட்டாரைப் போட்டார், குடம் கொண்டுவந்தார், இளநீர் வெட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ எந்த ஊரும்மா?" சொன்னேன். "ஊர்ல எந்தத் தெரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் இணையர், "எங்க ஊர்ப் பக்கம்தான் தாத்தா" என்றார்.

அந்த ஊருக்குள் நான் இதுவரை காலெடுத்து வைத்ததில்லை. அவருடைய அப்பா இருக்கும்வரை வைக்கவும் முடியாது. அந்த ஊரைக் காட்டித்தான் எனக்குத் தண்ணீர் வாங்கினார். நானும் குடித்தேன். பகல் முழுக்க வெயிலில் வந்தவளுக்கு அந்தத் தண்ணீர் இனிக்கத்தான் செய்தது, அதை மறைப்பானேன்.

டென்ட்டுக்குள் கிசுகிசுத்தே சண்டை போட்டோம்.

"இருட்டிடுச்சு, தண்ணி வேணும். வேற என்ன செய்யச் சொல்ற?"

"அதுக்காக என்னைய உன் ஜாதியில சேத்துருவியா?"

"பாதுகாப்புக்குத்தான்."

"யாருக்கு?"

அதற்கு மேல் அவர் பேசவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. பயிற்சி வகுப்புகளில் நான் எத்தனையோ முறை எடுத்துச் சொன்ன பகுதி நினைவுக்கு வந்தது. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலில் பாபாசாகேப் எழுதும் 1901-ஆம் வருடத்துக் கோரேகாவ் பயணம். கட்டுச்சோறு இருக்கிறது, தண்ணீர் இல்லை. சுங்கச்சாவடிக்காரரிடம், நாங்கள் முஸ்லிம்கள் என்று சொல்லிக் கேட்கிறான் அந்தச் சிறுவன். அப்படியும் கிடைக்கவில்லை. அந்தப் பொய்யைப் பற்றி எந்த மாணவரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் நின்று யோசித்ததில்லை. அவனுக்குக் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது, அதுவும் இளநீரோடு. இதில் எது மேல் என்று எனக்கு நிஜமாகவே பிடிபடவில்லை.

விடிந்ததும் குடத்தை நானே எடுத்துக்கொண்டு போனேன். கூட வரக் கிளம்பிய இணையரை வேண்டாம் என்றேன். பெரியவர் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நேத்து எந்தத் தெருன்னு கேட்டீங்க. நாங்க காலனி."

கொஞ்ச நேரம் குடத்தையே பார்த்தார். நீட்டிய கையை நான் மடக்கவில்லை.

"அங்கன வச்சிட்டுப் போம்மா" என்றார்.

வைத்துவிட்டு வந்தேன். பைக் கிளம்பியபோது கண்ணாடியில் பார்க்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பார்க்கவில்லை.

முத்துப்பேட்டை வரை இருவரும் பேசவில்லை. தொண்டியில் ஒரு டீக்கடை. இரண்டு டீ கொடுத்துவிட்டு, "எங்கிருந்து வர்றீங்க, என்ன ஆளுக?" என்று கடைக்கார அக்கா சாதாரணமாகக் கேட்டார். இணையர் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன்.