பணிவிடைக்கு ஒரு கணக்கு

மருத்துவமனைச் செலவைப் பற்றி நம்மவர்கள் நிறையப் பேசுவார்கள். நோயாளி வீடு திரும்பிய பிறகு மாதாமாதம், ஆண்டாண்டாகத் தொடரும் செலவைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. அது வீட்டுப் பெண்களின் வேலைதானே, அதற்கென்ன செலவு என்று எண்ணுகிறார்கள் போலும்.

என் துணைவியாருக்கு அறுபத்தெட்டாம் வயதில் பக்கவாதம் கண்டது. வலக்கையும் வலக்காலும் ஓய்ந்தன, பேச்சு குழறிற்று. பத்தொன்பது நாள் மருத்துவமனையில் இருந்தோம். ஓய்வூதியர்க்கான காப்பீடு கட்டணத்தின் பெரும்பகுதியை ஏற்றது. எஞ்சியதைத் துபாயில் கடைச் சிப்பந்தியாக இருக்கும் மகன் கட்டினான். அல்ஹம்துலில்லாஹ், உயிர் தங்கியது.

படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் இடுப்பிலும் முதுகிலும் புண் வைத்துவிடும். கழிவகற்றி உடல் துடைக்க வேண்டும். தண்ணீர்கூடப் புரையேறும் என்பதால் நிமிர்த்தி உட்காரவைத்துக் கரண்டி கரண்டியாகப் புகட்ட வேண்டும். எழுபத்து நான்கு வயதுக்காரன் ஒருவன் இரவும் பகலும் தனியே சுமக்கக்கூடிய பாரமன்று இது.

2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியாளர் வீட்டுக்கே வந்து கைகால்களுக்குப் பயிற்சி அளிக்கிறார். நன்றியோடு சொல்கிறேன். 2024 அக்டோபரில் மத்திய அரசு எழுபது வயது நிறைந்தோர்க்கெல்லாம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீட்டைத் தொடங்கியது. அதுவும் நல்லதே. ஆனால் அது மருத்துவமனைக் கட்டிலோடு நின்றுவிடுகிறது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து நோயாளியைப் புரட்டும் கைக்குக் கூலி தரும் திட்டம் எதையும் நான் காணவில்லை.

ஆள் தேடிய கதை நீளமானது. பெருநகரத்து முகவர் ஒருவர் ஒரு மாதக் கூலியை முன்பணமாக வாங்கிக்கொண்டு ஒரு பெண்மணியை அனுப்பினார். ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார், பணம் திரும்பவில்லை. பின்னர், தம் மாமியாரை ஆறாண்டு பராமரித்த பக்கத்துக் கிராமத்து அம்மாள் ஒருவர் கிடைத்தார். பிற சமயத்தவர்; ஆயினும் தொழுகை நேரம் அறிந்து ஒளுவுக்கு நீர் கொணர்ந்து, கட்டிலைக் கிப்லாவை நோக்கித் திருப்பி வைக்கிறார். அவருக்கு மாதம் 22,000 ரூபாய். மருந்து, அணையாடை முதலியவற்றுக்கு 9,000. வீட்டுச் செலவு 15,000. என் ஓய்வூதியமோ 26,000. மகன் இயன்றபோது அனுப்புவதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அவனுக்கும் மூன்று பிள்ளைகள். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற்றோர் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கோரலாம். அதன் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். வழக்கிட வேண்டிய பிள்ளையும் அல்லன் அவன்.

"உம்மாவின் நகைகள் பெட்டியில் சும்மாதானே இருக்கின்றன, வாப்பா? உம்மாவுக்காகத்தானே செலவழிக்கப் போகிறோம்?" என்று ஒருநாள் கேட்டான். நல்லெண்ணத்தோடு கேட்டதுதான். ஆனால் அவை அவளுடைய உடைமை. வாய் குழறியதால் உரிமை போய்விடுமா?

ஷாஃபிஈ மத்ஹபினர் பயிலும் இமாம் நவவீ அவர்களின் 'மின்ஹாஜ்' இதில் வியப்பான தெளிவு தருகிறது. இமாம் மறைந்தது 1277இல். மருந்தும் மருத்துவர் கூலியும் கணவன்மீது கடமை என்று அந்நூல் வைக்கவில்லை. அவையும் கடமையே என அண்மைக்கால அறிஞர்கள் எழுதியுள்ளனர். ஆனால் மனைவி நோயுற்றோ முடங்கியோ பணிவிடை தேவைப்பட்டால் அதற்கு ஏற்பாடு செய்வது கணவன்மீது கடமை என்று அன்றே வகுத்திருக்கிறார்கள். இன்றைய காப்பீடு எதை ஏற்கிறதோ அதை அந்நூல் விட்டது. காப்பீடு எதைக் கைவிட்டதோ அதைக் கடமையாக்கியது! நகைப்பெட்டியைப் பூட்டிச் சாவியை அவள் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, என் பெயரிலிருந்த மனையை விற்றேன்.

விற்க மனை இல்லாதவர் என்ன செய்வார்? எங்கள் தெருவில் வலை பின்னிப் பிழைக்கும் முதியவர் ஒருவர், முடங்கிய மனைவியைப் பார்த்துக்கொள்ளவே வேலையை விட்டவர். எங்கள் ஜமாஅத்தின் பைத்துல்மால் திருமணத்துக்கு உதவும். அறுவை சிகிச்சைக்கு உதவும். பணிவிடைக் கூலிக்கு மட்டும் ஏட்டில் இடமில்லை. "மாதாமாதம் என்றால் எங்கே போய் முடியும்?" என்றார் செயலாளர். நியாயமான அச்சம்தான். ஆனால் உழைக்க வழியற்றுப் போன ஏழைக்கு ஜகாத்தில் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்? மூன்று கூட்டங்களில் வாதாடினோம். இப்போதைக்கு ஆறு மாதம், மாதம் 5,000 ரூபாய் என்று முடிவாயிற்று. பகலில் நான்கு மணி நேரம் ஒரு பெண்மணி வந்து பார்த்துக்கொள்கிறார். அவரும் வலையைக் கையில் எடுத்துவிட்டார்.

என் கணக்கில், மனை விற்ற பணத்தில் 9,60,000 ரூபாய் மீதமிருந்தது. குறைகிற 20,000க்கு நாற்பத்தெட்டு மாதம் வரும் என்று எழுதி வைத்திருந்தேன். சென்ற மாதம் அந்த அம்மாள் ஆயிரம் கூட்டிக் கேட்டார். அவர் தூங்காத இரவுகள் எனக்குத் தெரியும், கொடுத்தேன். நாற்பத்தெட்டை அடித்துவிட்டு நாற்பத்தைந்து என்று திருத்தியிருக்கிறேன்.