குதிரை படுத்துத் தூங்கும் இடம்

கோடை விடுமுறையில் மூங்கில்துறைப்பட்டிலிருந்து வேன் பிடித்து ஊட்டிக்குப் போய்வந்த வீடுகளில் அந்த போட்டோ இருக்கும். ஏரிக்கரையில் ஒரு மட்டக்குதிரை, மேலே கண்ணை இறுக மூடிய குழந்தை, பக்கத்தில் பிடித்துக்கொண்டு அப்பா. குழந்தை வளர்ந்து கல்யாணமும் ஆகிவிட்டது. அந்தக் குதிரை என்ன ஆனது?

குதிரை 25, 30 வருஷம்கூட வாழும். சவாரிக்கு உதவாத வயது வந்த பிறகும் ஆயுள் பாக்கி இருக்கும். அப்படி அவிழ்த்துவிடப்பட்ட குதிரைகள் ஊட்டியில் குப்பையைக் கிளறுவதும், பிளாஸ்டிக் கவரைத் தின்பதும், நடுரோட்டில் நிற்பதும் பழைய கதை. வைத்திருந்தவரைத் திட்டுவது சுலபம். சீசன் முடிந்தால் அவருக்கே வருமானம் இல்லை, கொள்ளுக்கு எங்கே போவார்?

அதே நீலகிரியில், மலைக்குக் கீழே மசினகுடி அருகே ‘ஹில் வியூ ஃபார்ம்’ என்ற காப்பகம் இருக்கிறது. கைவிடப்பட்ட மாடு, கழுதை, நாய்களோடு குதிரைகளுக்கும் அங்கே இடம் உண்டு.

ஆனால் ஹாரனுக்கும் அடிக்கும் மிரண்டே வாழ்ந்த குதிரை, புல்வெளிக்கு வந்த அன்றே நிம்மதியாகிவிடாது. குடை விரிந்தாலே துள்ளும். அது வேட்டை மிருகங்களுக்கு இரையாகிற பிராணி. பயம்தான் அதன் காவல். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. பாசமாகத்தான் என்றாலும் பின்னாலிருந்து தட்டினால் உதைதான். தோள் பக்கமாக, பேசிக்கொண்டே மெதுவாகப் போக வேண்டும்.

தீவனம் தவறாத நேரத்தில் வர வேண்டும். நாளில் 16 மணி நேரம் வரை மேயும் ஜீவன் அது. வயிறு காலியாகக் கிடந்தால் குடல் புண் வந்துவிடும். பல் தேய்ந்த கிழட்டுக் குதிரைக்குத் தீவனத்தை ஊறவைத்துத் தர வேண்டும். ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், துணை. இன்னொரு குதிரை, கிடைக்காவிட்டால் கழுதையாவது.

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அது அரைத் தூக்கம். ஆழ்ந்து தூங்க, கொஞ்ச நேரமாவது படுத்தாக வேண்டும். பயந்த குதிரை படுக்காது. நாள்கணக்கில் நின்று, கண் அசந்து, முட்டி மடங்கி விழுந்து எழுவதும் உண்டு. கூட்டத்தில் ஒன்று படுத்தால் இன்னொன்று பக்கத்தில் நின்று காவல் காக்கும்.

எனவே, புதிதாக வந்த குதிரை ஒரு மத்தியானம் காலை நீட்டிப் படுத்துக் கிடந்தால், செத்துவிட்டதோ என்று பதறி ஓடாதீர்கள். தள்ளி நின்று, வயிறு சீராக ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடுங்கள்.