வரப்பில் படுத்துப் பார்க்கிறவர்கள்

எலி பிடிக்கும் கிட்டியை ஊன்றுவதற்கு முன் பெரியவர் வரப்பில் குப்புறப் படுத்துவிட்டார். கன்னத்தை மண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மக்காச்சோளத் தட்டுகளின் அடியில் நெடுநேரம் பார்த்தார். எலி ஓடிய தடத்தில் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்குமாம். நின்று பார்த்தால் தெரியாது. தடம் பிடிபட்டதும் மூங்கில் பத்தையை வில்லாக வளைத்து, கயிற்றை மாட்டி, இரையை வைத்தார். எலி இரையை இழுத்த நொடியில் கயிறு கழுத்தை இறுக்கிவிடும். கிட்டி செய்ய யாரும் கற்றுக்கொள்ளலாம். வைக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் தொழில் இருக்கிறது. அந்த இடத்தைப் படுத்தும் தவழ்ந்தும் குந்தியும்தான் கண்டுபிடிக்க முடியும்.

அவிநாசியிலிருந்து சேவூர் போகும் வழியில், ஒரு குளத்தை ஒட்டிய மக்காச்சோளக் காடு அது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டு, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி நீரைக் கொண்டுவரும் வழி பிறந்தது. பல தலைமுறை கேட்டுக் கிடைத்த தண்ணீர். குளக்கரையில் இப்போது புல் முழங்கால் உயரம் நிற்கிறது. ஈரமும் புல்லும் எலியும் கூடுகிற இடத்தில் இன்னொன்றும் கூடும். அதைப் பற்றிக் கேட்கத்தான் நான் போயிருந்தேன்.

"பாம்புக்குக்கூட பயமில்லீங்க தம்பி. வங்கப் பார்த்தாலே உள்ள இருக்கறது எலியா பாம்பான்னு தெரிஞ்சுரும். இது கண்ணுக்கே தெரியாத பூச்சின்னு டாக்டர் சொல்லிப்போட்டாங்க. அதுதானுங்க மனசுல நிக்குது" என்றார்.

போன கார்த்திகையில் அவர் மருமகனுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. தலை பிளக்கிற வலி, இருமல், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி. டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்று ரத்தப் பரிசோதனை சொன்னது. ஒரு வாரத்துக்கு மேல் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. கடைசியாக அரசு ஆஸ்பத்திரியில் ஓர் இளம் மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்லி, அக்குளைப் பார்த்து, இடுப்பைப் பார்த்து, அரைஞாண் கயிற்றை விலக்கியிருக்கிறார். அடியில் பீடி சுட்ட இடம் போல ஒரு கறுத்த பொருக்கு. வலி இல்லாததால் அவரே அதைக் கவனிக்கவில்லை. டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

ஸ்க்ரப் டைபஸ் என்கிற அந்த நோயைப் பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. பரப்புவது மாட்டு உண்ணி அன்று, மண்ணில் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். வளர்ந்த சிற்றுண்ணி நம்மைத் தீண்டாது. குஞ்சு மட்டும் வாழ்நாளில் ஒரே முறை எலி, மூஞ்சூறு, மனிதன் என்று எதிலாவது ஏறித் திசுநீரை உறிஞ்சிவிட்டு உதிர்ந்துவிடும். நோய்க்கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடுகிறது. அதனால் ஒரு துண்டு நிலம் வருஷக்கணக்கில் ஆபத்தாகவே இருக்கும். பத்தடி தள்ளி ஒன்றும் இருக்காது. உடலில் ஏறிய குஞ்சு, துணி இறுகும் இடத்தில் நின்றுவிடும். அரைஞாண் கயிறு அப்படி ஓர் இடம்.

விடியற்காலை கிட்டிகளைச் சேகரிக்கும்போது பெரியவரின் மனைவி எலிகளை வாலோடு வால் சேர்த்துக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டார். ஆராய்ச்சியாளர்கள் செத்த எலியைத் தண்ணீர்த் தட்டுக்கு மேலே தொங்கவிடுவார்கள். உடல் ஆற ஆற அதிலிருக்கும் சிற்றுண்ணிகள் தாமாகவே இறங்கித் தண்ணீரில் விழும், எண்ணிக்கொள்ளலாம். அதைச் சொன்னதும் அந்த அம்மா கொத்தை இறக்கிக் கீழே வைத்துவிட்டார். "அப்ப எதுலீங்க கொண்டு போறது?" என்று கேட்டார். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி போதும் என்றேன். ஆனால் எலியைவிட அவர்கள் படுக்கிற மண்தான் பெரிய ஆபத்து என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது.

வங்கு மோப்பம் பிடிக்க அவர்களிடம் ஒரு நாய் உண்டு. அதன் காதிலிருந்து உண்ணியைப் பிடுங்கி, இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே நசுக்கினார் பெரியவர். நசுக்கிய சாறு நகக்கண் வழியாகவும் நோயைத் தரலாம். நாய் உண்ணி பரப்பும் டைபஸ் காய்ச்சலும் நம் நாட்டில் இருக்கிறது; உள்ளங்கை, உள்ளங்காலிலும் தடிப்பு வரும். அதற்கும் மருந்து அதே டாக்சிசைக்ளின்தான். நம் தோலில் கடித்திருந்தால் மண்ணெண்ணெயோ நெருப்போ வைக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். காட்டு உண்ணியால் வரும் குரங்குக் காய்ச்சல் வேறு. 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட அது அடர்வனம் சார்ந்த நோய். இந்தச் சமவெளிக்கு அந்தப் பயம் தேவையில்லை.

எலியால் வரும் சாவு கோயம்புத்தூர்ப் பக்கம் புதிதில்லை. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் இங்கே ஊர்களைக் காலி செய்தது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் நிற்கின்றன. அன்று எலி செத்து விழுந்தால் ஊரே வெளியேறியது. இன்று எலி பிடிப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் அவர் என்ன வேலை செய்கிறார் என்றுகூட யாரும் கேட்பதில்லை. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். உண்ணிக் காய்ச்சலைப் பற்றி வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையில் நடந்த பெரிய ஆய்வு 2023இல் வெளியானது. நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியாகத் தருவது, ஒன்றை மட்டும் தருவதைவிட நல்ல பலன் தருகிறது என்று அது காட்டியது. வழிகாட்டும் அறிவு நம் மாநிலத்திலேயே இருக்கிறது. ஆரம்பத்திலேயே பிடித்தால் மலிவான மாத்திரையே போதும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய்விடும்.

அவர்களிடம் நான் சொன்னது கொஞ்சம்தான். முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். படுக்கும் இடத்தில் தார்ப்பாய் விரியுங்கள். வீடு திரும்பியதும் துணியைச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டு, சோப்பு தேய்த்துக் குளியுங்கள். ஒருவர் உடம்பை ஒருவர் பாருங்கள்: அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், அரைஞாண் கயிற்றுக்கு அடியில். காடு விட்டு வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அவர்கள் கேட்காவிட்டாலும், முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "எலி பிடிக்கிற வேலைங்க. புல்லுல படுத்து எந்திரிச்சேனுங்க."

மருமகன் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். தார்ப்பாய் வாங்கத் தோட்டக்காரரிடம் முன்பணம் கேட்கலாமா என்று மாமனாரும் மருமகனும் பேசத் தொடங்கினார்கள்.