நாமக்கல் அக்கா வீட்டுக் கோழிக்கூடு

திருச்சியிலிருந்து முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல் போகிற பஸ்ஸில் இடது பக்கம் ஜன்னலோரமாக இடம் பிடிக்க வேண்டும். காவிரி கூடவே வரும். முசிறியில் கோரைப்பாய்க் கட்டுகள், தொட்டியத்தில் வாழைத் தோட்டம், வெற்றிலைக் கொடிக்கால் என்று கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். போன தை மாதம் நான் போனபோது இதில் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. என் மடியில் ஒரு மூங்கில் கூடை. கூடைக்குள் ஒற்றைக் கோழி. "கோழிக்கு அரை டிக்கெட்டாம்மா?" என்று கண்டக்டர் கேட்டதற்குக்கூட எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒற்றைக் கோழியான கதையைச் சொல்லிவிடுகிறேன். என் கடைசிப் பெண்ணுக்கு ஒன்பது வயது. நச்சரிப்புத் தாங்காமல் கார்த்திகையில் ஐந்து நாட்டுக்கோழி வாங்கினோம். பச்சைப் பெயிண்ட் அடித்த கூண்டு ஒன்றும் கடையில் வாங்கினோம், பார்க்க அழகாயிருந்தது. மார்கழியில் ஒருநாள் விடியற்காலை கோலம் போடக் கதவைத் திறந்தால் கொல்லைப் பக்கம் சத்தமே இல்லை. தெருநாய் புகுந்துவிட்டது. நாலு போய், ஒன்று மட்டும் கொய்யா மரத்தில் ஏறித் தப்பியிருந்தது.

"ராத்திரி கதவைச் சாத்தினியாம்மா?" என்றாள் பெண்.

"சாத்தினேன்" என்றேன். பொய்யில்லை. ஆனால் கொக்கி உடைந்து இரண்டு நாளாகத் துணிக்கயிற்றால் கட்டி வைத்திருந்ததை நான் சொல்லவில்லை. அவள் ஒரு வாரம் முட்டை சாப்பிடவில்லை.

நாமக்கல்லில் இறங்கியதும் கோட்டை மலை கண்ணில் படும். ஒரே பாறை, மேலே கோட்டை. மலையடியில் குடைவரையில் நரசிம்மர். அவருக்கு எதிரே 18 அடி உயரத்தில் ஆஞ்சநேயர். அவர் தலைக்கு மேல் கூரை கிடையாது, வெயிலும் மழையும் அப்படியே. கோழிக் கூடையோடு சந்நிதிக்குப் போக மனசு வராமல், வீதியில் நின்றபடியே கும்பிட்டுவிட்டு சேந்தமங்கலம் பஸ் ஏறினேன். கொல்லிமலை அடிவாரத்தில் என் பெரியம்மா மகள், அக்கா, இருக்கிறாள்.

1997 வரை சேலம் ஜில்லாவில் இருந்த ஊர் இது. லாரிக்கு பாடி கட்டுவதும் முட்டையும்தான் இதன் பிழைப்பு. 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. வழியெல்லாம் நீள நீளமான கோழிக் கொட்டகைகள். வாசனை வருவதற்கு முன்பே கொட்டகை வருகிறது என்று தெரிந்துவிடும், அல்லது நேர்மாறாக! உள்ளே வெளியாட்களை விட மாட்டார்கள். நோய் தொற்றிவிடும் என்று அவ்வளவு கண்டிப்பு.

அக்கா என் கூடையை வாங்கியதும் செய்த முதல் காரியம், கோழியைத் தன் கோழிகளோடு விடாமல் திண்ணையோரம் தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்ததுதான். "புதுசா வந்தது பதினஞ்சு நாள் தனியா இருக்கட்டும் அம்மிணி. சீக்கு எதுவும் இல்லைன்னு தெரிஞ்சாத்தான் சேக்கோணும்." அவள் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு தடவை வெள்ளைக் கழிச்சல் வந்து, முப்பது உருப்படி மூன்றே நாளில் போய்விட்டது. ராணிக்கெட் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். வந்தபின் மருந்து கிடையாது, தடுப்பூசி ஒன்றே வழி. குஞ்சு பொரித்து ஏழாம் நாள் கண்ணில் சொட்டு, எட்டு வாரத்தில் இறக்கையடியில் ஊசி. இப்போது அக்கா காலண்டரில் குறித்து வைத்து, அரசு கால்நடை மருந்தகத்தில் போட்டு விடுகிறாள்.

காபி குடித்ததும் பொடக்காலிக்குப் போனோம். (நாம் கொல்லை என்பதை அங்கே பொடக்காலி என்கிறார்கள்.) கூண்டைப் பார்த்து எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கூண்டா அது! நாலு கல்லுக்கால் மேல் பழைய பலகைப் பெட்டி, தலையில் பனையோலை. ஆனால் எட்டு வருஷமாக ஒரு கோழிகூட அதிலிருந்து களவு போனதில்லையாம்.

"வர்ற வழியில கொட்டாயெல்லாம் எப்படிப் படுத்திருக்குன்னு பாத்தியா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. "எல்லாம் கிழக்கு மேற்கா நீளம். வெயில் நேரா உள்ளே விழாது, காத்து மட்டும் குறுக்கே போகும். லட்ச லட்சமாப் போட்டுக் கட்டறவங்க சும்மாவா கட்டுவாங்க? நான் அதைப் பாத்துத்தான் வெச்சேன்."

அளவெல்லாம் எழுதிக்கொண்டேன். நாலடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம். இதில் எட்டுக் கோழி ராத்திரி தங்கலாம். ஒன்றுக்கு ஒன்றரை சதுர அடி. பகலில் வெளியே மேய்கிற கோழிக்கு இது போதும். அடைத்தே வளர்ப்பதானால் போதாது. கால் இரண்டடி உயரம். காலடியில் தண்ணீர்ச் சட்டி வைத்துத் துளி மண்ணெண்ணெய் விட்டால் எறும்பு ஏறாது. அடிப்பகுதிக்குப் பாக்கு மரச் சட்டம், அரை அங்குல இடைவெளியில். எச்சம் கீழே விழுந்துவிடும். அதை மக்க வைத்து அக்கா கத்தரிச் செடிக்குப் போடுகிறாள். பச்சையாகப் போட்டால் செடி கருகும்.

கிழக்கும் மேற்கும் முழுப் பலகை. வடக்கும் தெற்கும் கீழ்ப் பாதி பலகை, மேல் பாதி அரை அங்குலக் கண் வைத்த வெல்டு மெஷ். இங்கேதான் நான் ஏமாந்தேன். என் கூண்டில் இருந்தது அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழி வலை. "அது கோழி வெளியே வராம இருக்கறதுக்கு. நாய் உள்ளே வராம இருக்கறதுக்கு இல்லை" என்றாள் அக்கா. நாய் பல்லால் கிழித்துவிடும், பெரிய கண்ணில் பாம்பு நுழைந்துவிடும், மரநாய் கையை விட்டு இழுக்கும். தகரம் மட்டும் கூரையாகப் போட்டால் சித்திரையில் கோழி வெந்துபோகும், தகரத்தின் மேல் ஓலை பரப்ப வேண்டும். காற்று வரக்கூடாது என்று நாலா பக்கமும் மூடினால் எச்ச நெடியில் கோழிக்கு மூச்சு முட்டும்.

உட்கார இரண்டு அங்குலத் தடிமனில் வேப்பங்கொம்பு, ஒரு கோழிக்கு எட்டு அங்குலம் கணக்கு. முட்டையிட வைக்கோல் போட்ட கூடை, நாலு கோழிக்கு ஒன்று போதும். கூடை கொம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டுமாம். உயரமாக இருந்தால் கோழி கூடையிலேயே தூங்கி அசிங்கம் பண்ணிவிடும். இவ்வளவு சின்ன விஷயம், எந்தக் கடைக்காரர் சொல்வார்!

பண்ணையில் வெள்ளைக் கோழி வருஷத்துக்கு 300 முட்டை வரை இடும். அக்காவின் நாட்டுக்கோழி 60, 70 இட்டால் அதிகம். "அதுக்குத் தீனி வாங்கோணும், இது தானாப் பொறுக்கித் தின்னுக்குது" என்கிறாள். குஞ்சுகளுக்கு அவள் கறையான் பிடிப்பதைப் பார்த்தேன். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு எல்லாம் போட்டு, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் தரையில் கவிழ்த்து வைக்கிறாள். விடிந்து நிமிர்த்தினால் பானை நிறையக் கறையான். குஞ்சுகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வருகிற அழகை இன்னொரு தடவை பார்க்கவே நாமக்கல் போகலாம்.

கடைசியாகக் கதவு. ஒரு சாண் இடைவெளியில் இரண்டு தாழ்ப்பாள். அக்கா அதைத் திறந்து மூடிக் காட்டிவிட்டு, "உன் கூண்டுக் கதவு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். நான் கயிற்றுக் கதையைச் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. அக்கா திட்டவில்லை. "பொண்ணுகிட்டச் சொல்லிப்போடு" என்றாள், அவ்வளவுதான்.

கோழியை அங்கேயே விட்டுவிட்டு மூன்றாம் நாள் ஊர் திரும்பினேன். திரும்பி வருகையில் கொட்டகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கண்ணுக்கு எட்டியவரை கிழக்கு மேற்குதான்!

கூண்டை என் வீட்டுக்காரரும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் கட்டினோம். கல்லுக்காலுக்கு எங்கே போவது? சிமெண்ட் குழாயில் கான்கிரீட் நிரப்பிக்கொண்டோம். பழைய கட்டில் பலகை பெட்டியாயிற்று. மெஷ், தகரம், இரண்டு தாழ்ப்பாள், இவைதான் கடையில் வாங்கியது. ஆணி அடித்ததில் அவர் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லியே நாலு நாள் என்னை வேலை வாங்கினார். பாத்திரம் தேய்க்கிற இடத்திலிருந்து கதவு தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். கிணற்றுக்கும் படுக்கையறை ஜன்னலுக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். குழந்தைகள் கோழியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சாப்பிட உட்காரும் முன் கட்டாயமாக. செத்த கோழியை யாரும் சமைக்கக் கூடாது.

மூன்று வாரம் கழித்து அக்காவின் மகன் என் கோழியோடு மூன்று விடைக்கோழிகளையும் கொண்டு வந்து கொடுத்தான். அன்று சாயங்காலம் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே பெண்ணிடம் கயிற்றைப் பற்றிச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. கோழிகள் உள்ளே போகிறதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே நான்தான் சாத்துவேன்" என்றாள் பிறகு.

தினம் ஆறரை மணிக்கு அவள்தான் சாத்துகிறாள். "அம்மா, நாலு!" என்று கொல்லையிலிருந்து குரல் வரும். அவள் தூங்கினபின் டார்ச்சை எடுத்துக்கொண்டு நான் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன். அது அவளுக்கும் தெரியும்.