சானடோரியம் என்றால் என்ன?

மின்சார ரயிலில் தாம்பரம் போகும்போது குரோம்பேட்டைக்கு அடுத்து வரும் ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். மெப்ஸ் வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக இறங்குவார்கள். ஆனால் சானடோரியம் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், பலர் முழிப்பார்கள்!

மருந்தே இல்லாத காலத்தில் காசநோயாளிகளை ஊருக்கு வெளியே, நல்ல காற்றும் வெயிலும் உள்ள இடத்தில் வைத்துப் பராமரித்த மருத்துவமனைக்குத்தான் அந்தப் பெயர். 1928இல் டாக்டர் சௌரிமுத்து 12 படுக்கைகளோடு இதைத் தொடங்கினார். இங்கிலாந்தில் அவர் நடத்திய சானடோரியத்தில்தான் நம் கணித மேதை ராமானுஜனும் சிகிச்சை பெற்றார். தாம்பரத்து மருத்துவமனையை 1937இல் அரசு ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எச்.ஐ.வி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். அந்த இடைவெளியில் காசநோய் எளிதாக நுழைந்துவிடும். எனவே இந்த நோயாளிகளும் தாம்பரத்துக்கு வந்தார்கள். 1993 முதல் அவர்களை இங்கே உள்நோயாளிகளாகச் சேர்த்தார்கள். மற்றவர்கள் தொடவே பயந்த காலம் அது! 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று.

பயம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் ரயன் வைட் என்ற சிறுவனுக்கு ரத்தம் உறையாத நோய். அதற்குக் கொடுத்த மருந்து வழியாக எச்.ஐ.வி. வந்தது. 1985இல் அவனைப் பள்ளிக்கு வரக்கூடாது என்றார்கள். 1990இல் 18 வயதில் இறந்தான். அதே வருடம் அவன் பெயரிலேயே நோயாளிகளுக்கு உதவும் சட்டம் வந்தது. நம் நாட்டில் வேலை, படிப்பு, வாடகை வீடு, சிகிச்சை எதிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது.

சட்டம் வந்தால் போதுமா? அந்த கேட்டுக்குள் நுழைவதைத் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று பயந்து இருமலை மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மறைப்பதால் யாருக்கு லாபம்? நோய்க்கு மட்டும்தான். மருந்து சாப்பிடாத காசநோயாளியிடமிருந்துதான் வீட்டில் உள்ளவர்களுக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் அது காற்றில் பரவும். சரியான மருந்து தொடங்கினால் சில வாரங்களிலேயே பரவும் ஆபத்து வெகுவாகக் குறையும். வழக்கமான காசநோய்க்கு ஆறு மாத மருந்து. "இரண்டு மாதத்தில் தெம்பு வந்துவிட்டதே" என்று பாதியில் நிறுத்தினால், கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். எச்.ஐ.வி.யும் அப்படித்தான். தினமும் மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது.

நண்பர்களே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் இருக்கிறது, அதுவும் இலவசம்தான். சந்தேகம் கேட்க 1097க்குப் போன் செய்யலாம். மருந்து அரசு கொடுக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டுமே, அதை நாம்தான் கொடுக்க வேண்டும்!